அனுப்பி வைத்த சபை

சென்ற வாரம் எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. கைப்பேசியில்தான். குன்னூரில் இப்போது ஜெபக் குறிப்பு, மரணச் செய்தி, தண்ணீர் லாரி வரும் நேரம் எல்லாம் ஒரே குழுவில் வந்து விழுகின்றன. "சிஸ்டர், நீங்க நெறைய வாசிக்கிறவங்க. விசுவாசம், மிஷனரி ஊழியம், சபைத் தலைமைத்துவம், இந்த மூணையும் பத்தி இளம் தாய்மாருக்கு ஏத்த மாதிரி நல்ல புத்தகம் அஞ்சு சொல்லுங்க. ஞாயித்துக்கெழம அறிவிக்கணும்." கீழே கைகூப்பிய பொம்மை ஒன்று.

நான் நிறைய வாசிக்கிறவள் என்று அவர்களிடம் யார் சொன்னார்களோ தெரியவில்லை. பையன் பிறந்த பிறகு நான் முழுதாக வாசித்தது காய்ச்சல் மருந்துப் புட்டியில் ஒட்டியிருக்கும் தாளை மட்டும்தான். அதைத்தான் ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து, சந்தேகம் வந்து மறுபடியும் வாசிப்பேன். ஆனால் யாராவது ஒரு வேலையைச் சொல்லிவிட்டால் அதைச் செய்யாமல் இருக்க எனக்கு வராது. செய்துவிட்டு, சரியாகச் செய்தேனா என்று வருந்துவது வரும்.

"ஏன் புள்ள, அஞ்சு பொஸ்தகத்துப் பேரக் கேட்டதுக்கா இப்புடி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டிருக்க?" என்றார் கணவர். அவர் கோயமுத்தூர்க்காரர், எதையும் உடனே முடித்துவிட வேண்டும் அவருக்கு. "எதாச்சு எழுதிப் போடு. ஆரு படிக்கப் போறாங்க?"

அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் நான் பிறந்த சபையில் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல் அதன்படி செய்தும் விட்டார்கள். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பரணிலிருந்து ட்ரங்குப் பெட்டியை இறக்கினேன்.

பழைய ஸ்வெட்டர்களுக்கு அடியில் பழுப்புத் தாள் அட்டை போட்ட சில புத்தகங்கள். மலையில் புத்தகம் வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், மழை முடிந்ததும் அட்டையில் வெள்ளையாக ஒன்று பூத்திருக்கும். துடைத்தால் வெள்ளை போகும், வாடை போகாது. பையன் பக்கத்தில் வந்து மூக்கை நீட்டினான். பூஞ்சை அவனுக்கு ஆகாது. போன குளிர் முழுக்க நெஞ்சில் வீசிங். அவனை அடுத்த அறைக்கு விரட்டினேன். அதட்டியதில் பயந்துவிட்டானோ என்று போய்ப் பார்த்தேன். பயப்படவில்லை, சுவரில் கிறுக்கிக்கொண்டிருந்தான். திரும்பி வந்து உட்கார்ந்தபோது பூஞ்சைக்கு அடியில் இன்னொரு வாசனை மெல்ல எழுந்தது. தேயிலைத் தூள் வாசனை.

ஏனென்றால் நான் பிறந்த சபையின் நூலகம் ஒரு தேயிலைப் பெட்டி. உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பலகைப் பெட்டி. மூலை நசுங்கியதால் ஃபாக்டரியில் ஒதுக்கிப் போட்டிருந்ததை அண்ணன் தோளில் தூக்கிவந்தான். தேயிலைக்கு ஈரம் படாமல் காக்கிற பெட்டி புத்தகத்தையும் காக்கும் என்பது அவன் கணக்கு. காத்தது. ஆனால் அதிலிருந்து எந்தப் புத்தகத்தை எடுத்து விரித்தாலும் மடிப்பிலிருந்து தூள் உதிரும். "தொரைமாரு குடிக்கிற மொதத்தரத் தூளு, நக்கிப் பாருங்க," என்பாள் கொழுந்து பறிக்கிற பாக்கியம் அக்கா.

சேரங்கோட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட். சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்காகக் காடு வெட்டிப் போட்ட தேயிலைத் தோட்டம். அம்மா சிறுமியாக வந்தவள். லயத்தின் வரிசை வீடுகளில் எங்களுக்குக் கொடுத்ததைக் கடைசிவரை 'காம்பரா' என்றுதான் சொன்னாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அப்பாவின் வேலை ஃபாக்டரியில் அண்ணனுக்குக் கிடைத்தது. அண்ணன் பெயர் சாமுவேல், எல்லாருக்கும் சாமு. எனக்கும் அவனுக்கும் நிறைய வயது வித்தியாசம். எனக்கு ரிப்பன் கட்டி பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவன்தான், அதுவும் கோணலாக.

லயத்துக்கு மேலே ஒரு மேட்டில் தகரக் கூரை போட்ட எங்கள் கோயில். போதகர் பல எஸ்டேட் சபைகளுக்குப் பொதுவானவர். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து திருவிருந்து கொடுத்துவிட்டுப் போவார். மற்ற ஞாயிறுகளில் ஆராதனை நடத்தியது அண்ணன். அவனை யாரும் நியமிக்கவில்லை, சம்பளமும் இல்லை. முந்தைய உபதேசியார் இறந்த ஞாயிறு எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருந்தபோது அவன் எழுந்து பாட்டை ஆரம்பித்தான், அவ்வளவுதான். அதற்குப் பிறகு காய்ச்சல்காரருக்கு ஜெபிக்க, குடித்துவிட்டு வந்தவரை வீட்டில் சேர்க்க, லீவு கேட்டு ஆபீசுக்குப் போக, கூரை ஒழுகினால் ஏற, எல்லாவற்றுக்கும் "சாமுவக் கூப்புடு."

அப்போதுதான் ஒரு புதுப் போதகர் வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், இறையியல் படித்து முடித்த சூடு ஆறாதவர். பைக்கின் பின்னால் கட்டிய மூட்டையைப் பார்த்து லயமே துணி வியாபாரி வந்திருக்கிறார் என்று இறங்கி வந்தது. பிரித்தால் புத்தகம்.

"ஐயா, சேல இல்லீங்களா?" என்றாள் பாக்கியம் அக்கா.

"இதுவும் உடுத்துறதுதாம்மா," என்றார் அவர்.

"குளிருக்குத் தாங்குங்களா?"

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர். இதை நான் முதலிலேயே சொல்லிவிட வேண்டும், பின்னால் சொல்லப்போவதை வைத்து நீங்கள் அவரைத் தப்பாக நினைக்கக் கூடாது. கோயிலில் ஒரு கரும்பலகை வைத்தார். அதில் 'இம்மாதம் வாசிக்க' என்று எழுதி, கீழே ஒரு புத்தகத்தின் பெயர். புதன்தோறும் பறித்த கொழுந்தை எடைபோட்டு முடிந்ததும் பெண்கள் மேட்டுக்கு ஏறி வருவார்கள். முக்கால்வாசிப் பேருக்கு எழுத்துக் கூட்டவே வராது. அதனால் ஒருவர் சத்தமாக வாசிக்க வேண்டும். அண்ணன் ஷிஃப்டில் இருப்பான். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை, தொண்டை நன்றாக இருக்கிறது என்று வேலை என்னிடம் வந்தது. எனக்கு அப்போது பாவாடை சட்டையிலிருந்து தாவணிக்கு மாறுகிற வயது.

வாசித்து முடித்ததும் ஒவ்வொருவரும் 'எனக்குப் பட்டது' என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதுதான் போதகர் வைத்த ஒரே விதி. கொழுந்துக் கறையில் கறுத்த விரல்களை மடியில் கோத்துக்கொண்டு, நாளெல்லாம் சரிவில் நின்ற கால்களைச் சுவரோரமாக நீட்டிக்கொண்டு அவர்கள் சொன்னதை நினைத்தால் எனக்கு இப்போதும் வெட்கமாக இருக்கிறது. கல்லூரியில் கருத்தரங்கம் எல்லாம் கேட்டிருக்கிறேன். அங்கே யாரும் தன் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோல் ஒரு புத்தகத்தைப் பற்றிப் பேசியதில்லை. ஜெபத்தைப் பற்றிய சின்னப் புத்தகம் ஒன்றை வாசித்த மாதம் ஒருத்தி தன் ஓர்ப்படியோடு பேச ஆரம்பித்தாள். அவர்கள் பேசாமல் இருந்தது சிலோன் காலத்திலிருந்து.

தலைமைத்துவம் பற்றிய புத்தகம் வந்த மாதம்தான் கொஞ்சம் சிரமம். ஆங்கிலத்திலிருந்து மொழிபெயர்த்தது. ஒரு தலைவர் தன் காரியதரிசியிடம் வேலையை எப்படிப் பகிர்ந்தளிப்பது என்று ஒரு அத்தியாயம் முழுக்க.

"காரியதரிசின்னா யாரு புள்ள?" என்று நடுவில் கேட்டாள் பாக்கியம் அக்கா. அதுவரை குறட்டை விட்டவள்.

"கூட இருந்து எழுதிக் குடுக்கிறவங்க அக்கா."

"அப்ப நம்ம சாமுக்கு நீதான் காரியதரிசி. பகிர்ந்து குடுக்கச் சொல்லு, மொதல்ல ஒரு டீ."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள். அம்மா சிரிப்பது அபூர்வம், சிரித்தால் சால்வையால் வாயை மூடிக்கொள்வாள். அதே புத்தகத்தில் இன்னொரு கருத்தும் வந்தது. தான் இல்லாமலே நடக்கும்படி சபையை வளர்ப்பவன்தான் தலைவன் என்பதுபோல. அண்ணன் அதைப் பென்சிலால் கோடிட்டிருந்தான். வேலைக்குப் போகிற வழியில் அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு போனான். தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அது அவனுக்குக் குற்றமாகப் பட்டது.

அப்புறம் மிஷனரி ஊழியம் பற்றிய புத்தகம். அது வந்தது முதல் 'பிடி அரிசி' தொடங்கியது. உலையில் போட அரிசி களைவதற்கு முன் ஒரு பிடியைத் தனியாக எடுத்துப் பானையில் போட வேண்டும். ஞாயிறன்று அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து, பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சின்ன அறையில் ஒரு தகர டிரம்மில் கொட்டுவார்கள். மாதக் கடைசியில் அண்ணன் அதைச் சேரம்பாடி பஜாருக்குக் கொண்டுபோய் விற்று, வடக்கே காட்டு ஊர்களில் ஊழியம் செய்பவர்களுக்கு அனுப்புவான். பல சபைகளில் இருக்கிற பழக்கம்தான். ஆனால் எங்கள் ஆட்கள் எதையும் பாதியாகச் செய்ய மாட்டார்கள். புழுங்கலரிசி குறைந்தால் கஞ்சியாகக் குடித்தார்களே தவிர பிடியைக் குறைக்கவில்லை. எனக்கு இன்றும் அரிசி களையும்போது கை தானாக ஒரு பிடியை ஒதுக்கும். ஒதுக்கிவிட்டு, யாருக்கு என்று தெரியாமல் திரும்பப் பானையிலேயே போட்டுவிடுவேன்.

அந்தப் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை வாசித்த புதன் மாலை நல்ல மழை. கரண்ட் இல்லை. அன்று அண்ணனுக்கு ஷிஃப்ட் இல்லாததால் பெட்ரோமாக்ஸை ஏற்றிக்கொண்டு ஓரத்தில் நின்றான். போதகரும் வந்திருந்தார். நான் வாசித்ததன் சாரம் இதுதான்: தன்னிடம் உள்ளதில் சிறந்ததை வெளியே அனுப்பாத சபை உள்ளுக்குள்ளேயே கெட்டுப்போகும். மிச்சத்தைக் கொடுப்பது கொடுப்பதே அல்ல.

'எனக்குப் பட்டது' தொடங்கியது. பாக்கியம் அக்காதான் முதலில். "நம்மகிட்ட சிறந்தது என்னா ஐயா இருக்கு? கெழவியும் கோழியுந்தான்."

சிரிப்பு அடங்கிய பிறகு யாரோ சொன்னார்கள், "சாமு இருக்கானே."

யார் சொன்னது என்று எனக்கு நினைவில்லை. எவ்வளவோ முறை யோசித்துப் பார்த்துவிட்டேன். குரல் பின்வரிசையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். எல்லாத் தலைகளும் திரும்பின. விளக்கு அவன் கையில் இருந்ததால் அவன் முகம் மட்டும் தெரிந்தது. அவன் விளக்கை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான். பிறகு, "ஆண்டவருக்குச் சித்தமானா போறேன்," என்றான். போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பெண்கள் அழுதார்கள். அம்மா தலையைக் குனிந்து சால்வையின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை இழுத்துக்கொண்டிருந்தாள். ஜெபிக்கிறாள் என்று நினைத்து யாரும் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை.

நான் அடிக்கடி திரும்பிப் போவது அந்தச் சால்வை நூலிடம்தான். போன மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளியில், "யாரு தூர தேசத்துக்கு ஊழியத்துக்குப் போவீங்க?" என்று கேட்டபோது என் பையன் கையைத் தூக்கினான். அவன் எதற்கும் தூக்குவான், யாருக்கு இன்னொரு பிஸ்கட் வேண்டும் என்றாலும் அதே கைதான். எல்லாத் தாய்மாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அப்படியானால் அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும்? அவளுக்கு விசுவாசம் இருந்தது, எனக்கு இல்லை, அதுதான் வித்தியாசமா? அல்லது அத்தனை பேர் அழுதுகொண்டிருக்கும் இடத்தில் ஒரு கொழுந்து பறிக்கிறவள் எழுந்து, என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று எப்படிச் சொல்வாள்?

வடக்கே ஊழியத்துக்குப் போக அண்ணன் ஃபாக்டரி வேலையை விட்டான். அப்பாவின் பெயரில் வந்த வேலை, விட்டால் திரும்பக் கிடைக்காது என்று ஆபீசில் தெளிவாகவே சொன்னார்கள். சபை அவனுக்கு ஒரு கம்பளி, ஒரு பெட்டி, புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தது. வழியனுப்பிய அன்று பஸ் வரும்வரை பாடினார்கள். பஸ் தாமதம் என்பதால் தெரிந்த பாட்டெல்லாம் தீர்ந்து, கிறிஸ்துமஸ் பாட்டு வரைக்கும் போய்விட்டார்கள். வெயில்காலத்தில் கிறிஸ்துமஸ் பாட்டு. அண்ணன் சிரித்துக்கொண்டே ஏறினான்.

அவன் போன அடுத்த ஞாயிறு யாரும் எழுந்து பாட்டை ஆரம்பிக்கவில்லை. நான் ஆரம்பித்தேன், சுருதி எட்டாமல் நடுவில் நின்றுபோனது. சில வாரங்கள் எப்படியோ ஓடின. அப்புறம் போதகருக்கு மாறுதல் வந்தது. மாறுதல் என்றால் போகத்தான் வேண்டும், அது அவர் கையில் இல்லை. புத்தகப் பெட்டியை எங்களுக்கே விட்டுவிட்டு, "சபைய விட்டுராதீங்க," என்று என் அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்தவருக்குச் சாமு என்று ஒருவனை இங்கிருந்து அனுப்பியிருக்கிறார்கள் என்பதே தெரியாது. அவர் கரும்பலகையில் காணிக்கைக் கணக்கு எழுதினார்.

பிடி அரிசி மட்டும் நிற்கவில்லை. முன்பு யார் யாருக்கோ, இப்போது சாமுவுக்கு. இன்னும் பெரிய பிடியாகப் போட்டார்கள். ஆனால் அதைச் சுமந்து பஜாருக்குக் கொண்டுபோகிறவன்தான் இங்கே இல்லையே. டிரம் நிறைந்தது, அதன் பக்கத்தில் சாக்கும் நிறைந்தது. ஒரு விடியற்காலையில் யானை வந்து பின்சுவரைத் தள்ளி அத்தனை அரிசியையும் தின்றுவிட்டுப் போனது. அரிசி வாசனைக்கு அவை எவ்வளவு தூரத்திலிருந்தும் வரும் என்று அந்தப் பக்கத்தில் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் பீடத்துக்குப் பின்னால் அவ்வளவு அரிசியை வைத்திருந்தோம், அது ஆண்டவருக்கு உரியது என்பதால். சுவரைக் கட்ட ஆபீசுக்குப் போய் நிற்க வேண்டும், ஆள் சேர்க்க வேண்டும். அதற்கும் சாமுவைத்தான் கூப்பிட வேண்டும். நீலத் தார்ப்பாயைக் கட்டினார்கள். அது கட்டியபடியே இருந்தது.

அண்ணன் திரும்பி வந்தது ஒரு மழைக்காலம். முன்கூட்டிச் சொல்லவில்லை. பஸ் நிறுத்தத்திலிருந்து நடந்து வந்தவனை அம்மா யாரோ ஃபாரஸ்ட் ஆள் என்று நினைத்து, "யாருங்க வேணும்?" என்று கேட்டாள். அவ்வளவு கறுத்து, அவ்வளவு மெலிந்து. மலேரியா திரும்பத் திரும்ப வந்ததாம். கூட இருந்தவர் வேறு இடத்துக்குப் போய்விட்டாராம்.

ஞாயிறன்று அவனை முன்னால் உட்கார வைத்து மாலை போட்டார்கள். புத்தகங்களில் வருவதுபோல, போனவன் வந்து சாட்சி சொல்வான், ஊரே மாறிய கதை ஒன்று இருக்கும் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அண்ணன் எழுந்து நின்றான்.

"போனேன். இருந்தேன். அவங்க பாஷ எனக்குச் சரியா வரல. காய்ச்சல்ல கெடந்தப்ப அவங்கதான் என்னயப் பாத்துக்கிட்டாங்க, நான் அவங்களப் பாத்துக்கல. யாரும் நம்ம சபைக்கு வரல. வேற சொல்றதுக்கு ஒண்ணுமில்ல."

தார்ப்பாய் காற்றில் அடித்துக்கொண்டது. என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. அனுப்புவது எப்படி என்று எங்கள் பெட்டியில் அத்தனை புத்தகம் இருந்தது. திரும்பி வருகிறவனை என்ன செய்வது என்று ஒன்றில்கூட இல்லை.

பாக்கியம் அக்காதான் கடைசியில் வாயைத் திறந்தாள். "அப்ப நம்ம பிடி அரிசியெல்லாம் யானைக்குத்தானாடா சாமு?"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவனைச் சிரிக்க வைக்கத்தான் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், இறுக்கம் விட்டுப்போன நிம்மதியில் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். "அதுக்காவது வயிறு நெறஞ்சுதே அக்கா," என்றான். மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்தான். அதற்குப் பிறகு அந்தக் கோயிலுக்குள் அவன் வரவே இல்லை.

வேலை இல்லை. ஃபாக்டரியில் அவன் இடத்தில் வேறொருவர். சில மாதம் விறகு வெட்டினான், சில மாதம் தேவர்சோலையில் யாரோ ஒருவர் தோட்டத்தில் குருமிளகு பறித்தான். பிறகு திருப்பூர் போனான், பிறகு கோயமுத்தூர். இப்போது ஒரு அடுக்குமாடிக் கட்டிடத்தில் செக்யூரிட்டி. ஞாயிற்றுக்கிழமை டியூட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. கேட்டால், "என்னய யாருக்குச் சிபாரிசு பண்ணுவ?" என்பான்.

அம்மா ஓய்வு பெற்றதும் காம்பராவைக் காலி செய்ய வேண்டியதாயிற்று. குடும்பத்தில் எஸ்டேட் வேலையில் ஒருவர் இருந்தால்தான் வீடு. அண்ணன் ஃபாக்டரியிலேயே இருந்திருந்தால் வீடு இருந்திருக்கும். என்னைக் கட்டிக்கொடுத்திருந்த குன்னூருக்கு அம்மாவை அழைத்துவந்தேன். இங்கே குழாயில் வெந்நீர் வந்தது, அவளுக்குப் பிடிக்கவில்லை. அந்த மழைப் புதனைப் பற்றியோ அண்ணனை அனுப்பியதைப் பற்றியோ அவள் பேசியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம். வயிற்றில் பையன் இருந்த நேரம் அது, கேட்டால் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. எஸ்டேட்டிலேயே அடக்கம் பண்ணச் சொன்னாள், அப்படியே செய்தோம். அதற்குள் லயத்தில் பாதி வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூர் பனியன் கம்பெனிகள் அவர்களை ஒவ்வொரு குடும்பமாக எடுத்துக்கொண்டன. பாக்கியம் அக்காவையும் மகன் அழைத்துப்போய்விட்டான். அங்கே போன கொஞ்ச நாளில் அவளும் கண்ணை மூடிவிட்டாள்.

ஐந்து புத்தகப் பெயரை எழுத உட்கார்ந்தால் நினைவில் வந்து நிற்பது போன வருடம்தான். அம்மாவின் நினைவு நாளில் அண்ணனும் நானும் எஸ்டேட்டுக்குப் போனோம். பையனைக் கணவரிடம் விட்டுவிட்டு, சிக்னல் கிடைத்த இடத்தில் எல்லாம், சாப்பிட்டானா, மருந்து கொடுத்தீர்களா என்று கேட்டுக்கொண்டே போனேன். அண்ணன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

எங்கள் லயம் இருந்த பகுதியை எஸ்டேட் கைவிட்டுவிட்டது. கவ்வாத்து வெட்டி, கொழுந்து கிள்ளி, இடுப்பளவில் நிறுத்தி வைத்திருப்பதால்தான் அது செடி. விட்டுவிட்டால் தேயிலை மரமாகிவிடும். தலைக்கு மேலே வளர்ந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, வெள்ளைப் பூவோடு நின்றன. மேட்டில் கோயில் இல்லை. தகரத்தையும் மணியையும் யாரோ எடுத்துப் போயிருந்தார்கள். சிமெண்டுத் தரை மட்டும் கிடந்தது, அதில் யானைச் சாணம். கல்லறைத் தோட்டம் அதற்குப் பின்னால், உண்ணிச் செடி மூடிக் கிடந்தது. மரச் சிலுவைகள் ஒன்றுகூட நிற்கவில்லை. அண்ணன் ஒரு கம்பை ஒடித்துச் செடிகளை விலக்கிக்கொண்டே முன்னால் போனான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். முகத்தைப் பார்த்திருந்தால் கேட்டிருக்க மாட்டேன்.

"அண்ணே, அன்னிக்கி நீ போறேன்னப்ப அம்மா ஏன் ஒண்ணுமே சொல்லல?"

"யாரு சொன்னா, சொல்லலன்னு?"

அவன் திரும்பவில்லை. கம்பால் தட்டிக்கொண்டே சொன்னான்.

"மறுநா காலையில, பெரட்டுல பேர் குடுக்கப் போறதுக்கு முன்னாடி கொழாயடிக்கு வந்தாங்க. நீ போயிட்டா இங்க யாருய்யா இருக்கா, பேசாம இருந்துரு, நான் ஐயாகிட்டச் சொல்லிக்கிறேன்னாங்க."

"நீ என்ன சொன்ன?"

"புத்தகத்துல இருந்ததச் சொன்னேன். பெத்தவங்கதான் மொதத் தடையா வருவாங்கன்னு ஒரு எடத்துல வருமே. ஒனக்கு ஞாபகம் இருக்கும், நீதான வாசிச்ச."

எனக்கு ஞாபகம் இல்லை.

"அதக் கேட்டு?"

"ஒண்ணும் சொல்லல. கொடத்தத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்புறந்தான் ஒண்ணுமே சொல்லல."

கொஞ்ச தூரம் போனதும் அவன் நின்றான். ஒரு இடத்தில் மண் சற்று மேடாக இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தான். உண்ணிச் செடியின் வேரைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து சுற்றியிருந்த புல்லை மட்டும் கையால் பிடுங்கினான்.

"இங்கதான்னு நெனைக்கிறேன்," என்றான்.

அம்மாவை அடக்கம் பண்ணிய அன்று நின்ற இடத்திலிருந்து எனக்குக் கீழே ஓடை தெரிந்தது. இங்கிருந்து தெரியவில்லை. இருந்தாலும் அவன் பக்கத்தில் உட்கார்ந்து புல்லைப் பிடுங்கினேன்.